ஒரே காசில் மெட்டல் ஸ்லக்: தொடக்கம் முதல் முடிவு வரை ஆடி முடிப்பது எப்படி

ஆர்கேட் இயந்திரத்தில் ஒரு காசு போட்டு, அந்த ஒரு காசிலேயே ஆட்டத்தின் கடைசிக் காட்சி வரை போய்ச் சேர்வதை ஜப்பானின் கேம் சென்டர்களில் 'ஒன் காயின் கிளியர்' என்பார்கள். பிற நாட்டு ஆட்டக்காரர்கள் அதை 'ஒன் சிசி' என்று சுருக்கிவிட்டார்கள். இது பிறவித் திறமை உள்ளவர்களுக்கு மட்டும் வாய்ப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய, வேகம் குறைந்த விரல்களை உடைய நானே இரண்டு மாதப் பயிற்சியில் 1996ஆம் ஆண்டின் மெட்டல் ஸ்லக் என்ற, ஓடிக்கொண்டே சுடும் போர் ஆட்டத்தை அப்படி முடித்திருக்கிறேன் என்பதால், அந்த எண்ணம் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும். எப்படி முடித்தேன் என்பதை, அடுத்தவர் பின்பற்றக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆசை எனக்குள் விழுந்த இடம் எங்கள் ஊர் வீடியோ கேம் கடை. தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் இத்தகைய கடைகளுக்குப் போனவர்களுக்கு 'முஸ்தபா' என்றால் போதும். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் ஆட்டத்தை அதன் உண்மைப் பெயரில் யாரும் அழைத்ததே இல்லை. மஞ்சள் தொப்பிக்காரனின் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. நாங்கள் டோக்கன்களைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உயிர் போகும்போதெல்லாம் அடுத்ததைப் போட்டு, காசு தீர்ந்த இடத்தோடு வீடு திரும்புகிறவர்கள். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் மட்டும் ஒரே டோக்கனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்று ஆடுவார். அவர் பின்னால் கடையே கூடி நிற்கும். ஒரு டோக்கனுக்கு அவ்வளவு நேரம் இயந்திரம் பிடிபட்டுக் கிடந்தால் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒருநாள் அவர் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் அமைப்பை மாற்றி, ஒரு டோக்கனுக்கு ஒரே ஓர் உயிர் என்று வைத்துவிட்டார். அண்ணன் அதன் பிறகு வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது; கடைக்காரரின் நியாயமும் இப்போது புரிகிறது.

ஒரு காசுக்கு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து, ஆடுபவர் அடுத்த காசைத் தேட வேண்டும் என்ற கணக்கில்தான் ஆர்கேட் ஆட்டங்கள் வடிவமைக்கப்பட்டன. எதிரி எங்கிருந்து வருகிறான், எந்தக் குண்டு எந்த வேகத்தில் பாய்கிறது, எந்தப் பெட்டிக்குள் எந்த ஆயுதம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்தவை. இன்று அதே ஆட்டத்தை வீட்டில் வாங்கி, பட்டனை அழுத்தினால் கிரெடிட், அதாவது ஒரு காசுக்குரிய ஆட்டம், ஏறும் நிலையில் ஆடும்போது, சாவுக்கு விலை இல்லாமல் போகிறது. சாவுக்கு விலை இல்லாததால் கையில் கிடைக்கும் ஆயுதத்துக்கும் மதிப்பில்லை. அரை மணி நேரம் கண்ணெதிரே ஏதோ ஓடி முடிந்தது போல் இருக்கும். கிரெடிட் ஒன்றுதான் என்று நீங்களே எல்லை போட்டுக்கொண்ட கணத்தில் அதே திரை வேறாகத் தெரியும். மெட்டல் ஸ்லக்கில் ஹெவி மெஷின் கன் என்ற ஆயுதம் தரும் 200 தோட்டாக்கள், மாதக் கடைசியில் சட்டைப்பையில் இருக்கும் பணம்போல எண்ணிச் செலவழிக்கும் பொருளாக மாறிவிடும். நான் தேடிப் போனதும் கண்டதும் இந்த நிறைவைத்தான்.

முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்கு எந்த ஆட்டத்தை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. சிறு வயதில் பிடித்திருந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். செத்த பிறகு அந்த ஆட்டம் உங்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். கொனாமியின் கிரேடியஸ் (1985), ஐரெமின் ஆர்-டைப் (1987) ஆகியவற்றில் ஒருமுறை செத்தால் சேர்த்துவைத்த ஆயுதங்கள் எல்லாம் பறிபோவதுடன், சற்றுப் பின்னாலிருந்து வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கும். மீதி உயிர்கள் இருந்தும் எழுந்திருக்க முடியாமல் அதே இடத்தில் அத்தனையும் போய்விடுவது அவற்றில் சாதாரணம். கேப்காமின் கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் (1985) இன்னும் கொடுமையானது. முழு ஆட்டத்தையும் இரண்டாவது முறையாக முடித்தால்தான் உண்மையான முடிவைக் காட்டும். கேவ் நிறுவனத்தின் டோடோன்பாச்சி (1997) இரண்டாம் சுற்றுக்குள் நுழையவே கடுமையான நிபந்தனைகள் விதிக்கும். நடுவில் ஒருமுறை இன்னொரு காசு போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். இவை எல்லாம் அருமையான ஆட்டங்கள், ஆனால் முதல் படியில் வைக்கத் தகுந்தவை அல்ல.

நாஸ்கா குழுவினர் உருவாக்கி, எஸ்என்கேயின் நியோ ஜியோ இயந்திரத்தில் வெளிவந்த மெட்டல் ஸ்லக் இந்த இடத்தில் நமக்கு நல்ல நண்பன். மொத்தம் ஆறு மிஷன்கள், அதாவது கட்டங்கள். வழி தெரிந்தவர் அரை மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடலாம். இயல்பு அமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு மூன்று உயிர்கள். செத்த இடத்திலேயே மீண்டும் இறங்குகிறோம் என்பதும், இறங்கியவுடன் சில நொடிகள் எந்தக் குண்டும் நம்மைத் தொடாது என்பதும் எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த ஆட்டம் முறையான விற்பனையிலும் எளிதாகக் கிடைக்கிறது. முஸ்தபாவை நான் பரிந்துரைக்காததற்கு ஒரே காரணம் அது அப்படிக் கிடைக்காததுதான். பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து 2018இல் கேப்காம் வெளியிட்ட தொகுப்பில்கூட அது இடம்பெறவில்லை. மெட்டல் ஸ்லக்கை ஹாம்ஸ்டர் நிறுவனம் 'ஏசிஏ நியோ ஜியோ' வரிசையில் பல கருவிகளுக்கு வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள 'ஹை ஸ்கோர்' முறை நம் நோக்கத்துக்காகவே செய்தது போன்றது: அமைப்புகளை மாற்ற முடியாது, கிரெடிட் ஒன்றுதான்.

அமைப்புகளைப் பற்றி ஒரு சொல். கடினநிலையையோ உயிர்களின் எண்ணிக்கையையோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தயாரிப்பாளர்கள் வைத்தபடியே விடுங்கள். 1986 முதல் 1999 வரை ஜப்பானில் வெளிவந்த கேமெஸ்ட் இதழ், நாடெங்கும் உள்ள கேம் சென்டர்களிலிருந்து உயர்ந்த ஸ்கோர்களைத் திரட்டி அச்சிட்டது. ஊருக்கு ஊர் ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியும். பட்டனைத் தானாக அழுத்திக்கொடுக்கும் வசதியைப் பொறுத்தவரை, விரல் மூட்டில் வலி உள்ளவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் இந்த ஆட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. கைத்துப்பாக்கியின் வேகம் உங்கள் விரலின் வேகமாக இருப்பதில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது.

முதல் சுற்று: செலவுக் கணக்கு

தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, கிரெடிட்டை எண்ணாமல் போட்டு ஆட்டம் முழுவதையும் பார்த்துவிடுங்கள். இதைத் தவறு என்று சொல்லும் கண்டிப்பான ஆட்டக்காரர்கள் உண்டு. வழி தெரியாத ஊருக்கு இரவில் வண்டி ஓட்டுவதைவிடப் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவருவது மேல் என்று நினைக்கிறவன் நான். ஆனால் அந்தச் சுற்றில் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். எங்கே செத்தீர்கள், எதனால் செத்தீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் எழுதுங்கள். 'டாங்கு குண்டு' என்று எழுதினால் பயன் இல்லை. 'மேலே இருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், டாங்கு குண்டு கீழே உருண்டு வந்தது' என்று எழுத வேண்டும். என் முதல் சுற்றுக்கு 19 கிரெடிட்கள் ஆயின. அவற்றில் 11 கடைசி இரண்டு மிஷன்களில் போயிருந்தன. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பணம் எங்கே ஒழுகுகிறது என்று தாளில் பார்த்த பிறகே அதை அடைக்கும் வழி பிடிபடும்.

அந்த வரிகளை மறுநாள் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கை தாமதமானதால் நிகழ்ந்த சாவுகள் மிகச் சில. பெரும்பாலானவை அங்கே அப்படி ஒன்று வரும் என்று தெரியாததால் வந்தவை. மீதி, தெரிந்திருந்தும் ஒரு கைதியை விடுவிக்கவோ ஓர் ஆயுதத்தை எடுக்கவோ பேராசைப்பட்டு ஓடியதால் வந்தவை. தெரியாததைத் தெரிந்துகொள்வதற்கு வயது தடையில்லை என்ற நம்பிக்கை அன்றுதான் பிறந்தது.

கையில் இருப்பதை அறிதல்

மெட்டல் ஸ்லக்கில் நீங்கள் சுமந்து செல்பவை குறைவு. ஒவ்வொன்றையும் தனியாகப் பழகுங்கள். கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தீராது. எதிரி மிக அருகில் இருக்கும்போது அதே பட்டன் கத்தியாக மாறிவிடும். கத்திக்கு எண்ணிக்கை இல்லை என்பதால், ஹெவி மெஷின் கன் கையில் இருக்கும்போது அருகில் வருபவனைக் கத்தியால் முடித்தால் தோட்டா மிச்சம். மெஷின் கன்னின் உண்மையான சிறப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை. சுட்டுக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை முன்னாலிருந்து மேலே திருப்பும்போது, குண்டுகள் சட்டென்று திசை மாறாமல் விசிறி விரிவதுபோல் இடைப்பட்ட கோணங்கள் வழியாகச் செல்லும். அந்தச் சாய்வான கோணத்தில்தான் மாடியிலிருந்து சுடுபவனும் தலைக்கு மேல் வரும் ஹெலிகாப்டரும் அகப்படுவார்கள். இந்த ஒரு கை அசைவை மட்டும் முதல் மிஷனில் ஒரு மாலை முழுவதும் பழகினேன்: முன், மேல், முன், மேல் என்று, கைக்குத் தாளம் பிடிபடும் வரை. இரண்டு மாதப் பயிற்சியில் மிக அதிகமாகப் பலன் தந்த மாலை அது.

கையெறி குண்டுகள் பத்து. புதியவர்கள் இவற்றைச் சேமித்துவைத்துக்கொண்டு, பயன்படுத்தாமலே செத்துப்போவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொரு புது உயிரோடும் மீண்டும் பத்து கிடைக்கும் என்பதால், சாகும்போது கையில் மிஞ்சிய குண்டுகள் வீணானவை. டாங்கு, கவச வண்டி, மிஷன் முடிவில் வரும் பெரிய எதிரியான 'பாஸ்' ஆகியவற்றின்மேல் தயங்காமல் எறியுங்கள்.

நாம் ஏறி ஓட்டக்கூடிய, ஆட்டத்துக்குப் பெயர் தந்த குட்டி டாங்கைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். அதைக் காப்பாற்றுவது உங்கள் வேலை அல்ல; உங்களைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. வெளியே ஒரே அடியில் செத்துவிடுகிற நீங்கள், அதற்குள் இருக்கும்போது சில அடிகளைத் தாங்கலாம். இனித் தாங்காது என்று அது மினுக்கத் தொடங்கியதும் குதித்து இறங்கிவிட்டால், போவது டாங்கு மட்டும்தான். அதன்மேல் பாசம் வைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்து நான் இழந்த உயிர்கள் நோட்டில் வரிசையாக இருக்கின்றன.

கட்டிவைக்கப்பட்ட தாடிக்காரக் கைதிகளை விடுவித்தால் ஆயுதமோ வேறு பொருளோ தந்து, வணக்கம் வைத்துவிட்டு ஓடுவார்கள். மிஷன் முடிவில் அவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து ஸ்கோர் கூடும். நடுவில் ஓர் உயிர் போனால் அதுவரை சேர்த்த எண்ணிக்கையும் போய்விடும். முடிப்பது மட்டுமே நோக்கமாக இருக்கும் முதல் தடவையில், வழியில் கிடைக்கும் கைதிகளை மட்டும் விடுவியுங்கள். உள்ளே தள்ளி ஆபத்தான இடத்தில் இருப்பவரை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு விட்டுவிடுங்கள்.

கடைசியிலிருந்து பயிலுதல்

பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தினமும் முதலிலிருந்து ஆடி, நான்காம் மிஷனில் செத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆடினால், முதல் மிஷனை நூறு முறையும் ஆறாவது மிஷனை நான்கே முறையும் ஆடியிருப்பீர்கள். மனப்பாடச் செய்யுளின் முதல் வரி மட்டும் தூக்கத்திலும் வருவதும், கடைசி வரிகளில் நாக்குத் தடுமாறுவதும் இதனால்தான். எனவே பயிற்சி நாட்களில், ஆட்டத்தை இடையில் சேமித்துவைக்கும் வசதியைப் பயன்படுத்தி, ஆறாம் மிஷனின் தொடக்கத்திலோ ஐந்தாம் மிஷனின் தொடக்கத்திலோ ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேமிப்பைக் கைத்துப்பாக்கியும் பத்துக் குண்டுகளும் மட்டும் உள்ள நிலையில் வைப்பது நல்லது. உண்மையான முயற்சியில் நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருப்பீர்கள்.

நீளமான மிஷனைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். என் நோட்டில் 'மூன்று லாரி', 'பாலத்தடி', 'ரெண்டு டாங்கு சந்து' என்றெல்லாம் இருக்கும். ஒரு துண்டை ஐந்து முறை ஆடி நான்கு முறை உயிர் போகாமல் கடந்தால் மட்டும் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். எங்கே நின்றால் எதிரியின் குண்டு தலைக்கு மேல் போகிறது, எத்தனை அடி முன்னால் வைத்தால் அடுத்த கூட்டம் திரைக்குள் வருகிறது என்பது இந்தப் பயிற்சியில் தானாகப் பதியும். முன்னேறும் ஒவ்வோர் அடியும்தான் எதிரிகளை அழைத்துவருகிறது. நின்று, இருப்பவர்களை முடித்துவிட்டு, பிறகு நகர்கிறவர்கள் ஒரே நேரத்தில் குறைவானவர்களோடு மோதுகிறார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனாலும் அது நினைப்பதைவிடத் தாராளமானது.

உண்டியல்

பயிற்சியும் முயற்சியும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு மண் உண்டியல். உண்மையான முயற்சி ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் போடுவேன். ஜப்பானில் நூறு யென் நாணயத்தைத் துளையில் இடுகிறவரின் மனநிலை வீட்டுச் சோபாவில் தானாக வராது. நாணயம் உள்ளே விழுந்து மற்ற நாணயங்கள்மேல் மோதும் ஓசை கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு நாணயங்கள், அதற்கு மேல் இல்லை. மூன்றாவது முயற்சியில் கோபம்தான் ஆடும்.

முயற்சி தொடங்கிவிட்டால், முதல் மிஷனிலேயே ஓர் உயிர் போனாலும் நிறுத்தாதீர்கள். சிறு தவறு நேர்ந்ததும் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கும் பழக்கம் மிகக் கொடியது. மூன்று உயிர்கள் கொடுத்திருப்பதே இரண்டை இழக்கலாம் என்பதற்காகத்தான். நான் கடைசியில் முடித்த ஆட்டத்தில் இரண்டாம் மிஷனிலேயே ஓர் உயிரை இழந்திருந்தேன். மனம் 'இது வேண்டாம், அடுத்ததைப் பார்க்கலாம்' என்றது. உண்டியலில் காசு போட்டாயிற்றே என்பதற்காக மட்டும் தொடர்ந்தேன்.

உயிர் போன அடுத்த பத்து நொடிகளை எப்படி ஆடுவது என்பதைத் தனியாகவே பயில வேண்டும். ஒன்று போனதும் பதற்றத்தில் அடுத்ததும் போவதே வழக்கமான வீழ்ச்சி. மீண்டும் இறங்கியதும் எதுவும் நம்மைத் தொடாத அந்தச் சில நொடிகளில் பின்வாங்கி ஒளியாதீர்கள். உங்களைக் கொன்றது எதுவோ அதை நோக்கி நடந்து, புதிதாகக் கிடைத்த பத்துக் குண்டுகளில் பாதியையாவது அதன்மேல் எறிந்துவிடுங்கள். ஒரு பாஸிடம் செத்தால் இதுவே மிகப் பெரிய தாக்குதல் வாய்ப்பு.

படபடப்பு வரத்தான் செய்யும். ஐந்தாம் மிஷனை ஒரே கிரெடிட்டில் முதன்முறை தாண்டிய அன்று என் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. ஆறாவதின் தொடக்கத்தில், நூறு முறை கடந்த இடத்தில் செத்தேன். அதன் பிறகு இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டேன். கைதிகளின் பெயர்ப்பட்டியல் ஓடும் நேரத்தில் இரு கைகளையும் எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, மூச்சை முழுதாக வெளியே விடுவது ஒன்று. அடுத்து வரும் துண்டின் பெயரை வாய்விட்டுச் சொல்வது மற்றொன்று. 'பாலத்தடி' என்று சொல்லும்போது அதற்குரிய கை அசைவு நினைவுக்கு வருகிறது. 'முடித்துவிடுவோமா' என்ற எண்ணம் சற்று நேரம் ஒதுங்கிக்கொள்கிறது. கடைசியில் எதிரிப் படையின் தலைவனான மார்டன் தளபதி ஹெலிகாப்டரில் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது, திரையில் உங்கள் உயிர் எண்ணிக்கையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பார்வை உங்கள் காலடிக்கும் விழுகிற குண்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் இருக்கட்டும்.

நாற்பத்திரண்டாவது நாணயத்தில் அது முடிந்தது. மீதி உயிர் எதுவும் இல்லை. கையில் கைத்துப்பாக்கியும் இரண்டு குண்டுகளும் மட்டும். இந்த ஆட்டத்தின் முடிவில் ஒரு காகித விமானம் போர் நடந்த இடங்களின் மேலாக மெதுவாகப் பறந்து செல்லும். 19 கிரெடிட்கள் போட்டுப் பார்த்த அன்றும் அதே காட்சிதான் வந்தது; அப்போது பெயர்கள் ஓடி முடியட்டும் என்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விமானம் கடந்துபோன இடங்களில் நான் வைத்த பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை எடுத்து, தேதியையும் ஸ்கோரையும் எழுதி, இரண்டாம் மிஷனில் உயிர் போன இடத்தையும் வழக்கம்போல ஒரு வரியில் எழுதிவைத்தேன். உண்டியலை உடைக்கவில்லை. அது இப்போது கிரேடியஸுக்காக அதே மேசையில் இருக்கிறது.